பெயர் ஒன்று, பொருள் பல

வீடு, வாகனம், நகை ஆகியவற்றை விட்டால், நடுத்தரக் குடும்பம் பெருந்தொகை கொடுத்து வாங்கும் பொருள்களுள் ஒன்று மடிக்கணினி. அக்குடும்பம் மிகக் குறைவாக அறிந்து வாங்கும் பொருளும் அதுவே. கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு சென்னை ரிச்சி தெருவிலும் மாவட்டத் தலைநகர்களின் கடைவீதிகளிலும் பெற்றோரும் பிள்ளைகளும் கடை கடையாக ஏறி இறங்குகிறார்கள். விளம்பரத்தில் அவர்களுக்குச் சொல்லப்படுவன மூன்றே: செயலியின் வணிகப் பெயர், நினைவகத்தின் அளவு, சேமிப்பகத்தின் அளவு. இம்மூன்றிலும் ஒத்திருக்கும் இரண்டு கணினிகளுக்கு இடையே விலையில் பல ஆயிரம் ரூபாய் வேறுபாடு இருக்கிறது. ஏன் என்று கேட்டால் கடைக்காரரிடமும் விடை இல்லை. பெட்டியின் மேலும் விடை இல்லை.

இதனை வாங்குவோரின் அறியாமை என்று தள்ளிவிடுவது முறையன்று. தொழில் தெரிந்தவர்களே அட்டவணைகளை எதிரே விரித்துவைத்துப் படித்தால்தான் புரிந்துகொள்ளக்கூடிய எண்களை நிறுவனங்கள் சூட்டுகின்றன; கணினியின் தரத்தைத் தீர்மானிக்கும் செய்திகளையோ சொல்லாமல் விடுகின்றன. பொருளின் பெயர் பொருளைக் காட்ட வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு பொருளே இருக்க வேண்டும். இந்த எளிய நெறி கணினி வாணிகத்தில் இன்று காணப்படவில்லை. அதனைச் சட்டத்தின் வழியே நிலைநாட்ட வேண்டும் என்பதே நம் உறுதியான கருத்து.

சான்றுக்கு ஏ.எம்.டி. நிறுவனத்தின் செயலிகளை எடுத்துக்கொள்வோம். 2022 செப்டம்பரில் அந்நிறுவனம் தன் மடிக்கணினிச் செயலிகளுக்குப் புதிய எண் முறை ஒன்றை அறிவித்தது. நான்கு இலக்கங்களுள் முதலாவது, செயலி எந்த ஆண்டின் வரிசையில் விற்கப்படுகிறது என்பதைக் குறிக்கும். இரண்டாவது, சந்தையில் அதன் படிநிலையைக் குறிக்கும். உள்ளமைப்பு எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்ற இன்றியமையாத செய்தியோ மூன்றாம் இலக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது. இதன் விளைவாக ‘ரைசன் 5 7520யூ’, ‘ரைசன் 5 7530யூ’, ‘ரைசன் 5 7540யூ’ என்னும் மூன்றும் ஒரே வரிசையின் உடன்பிறப்புகள் போலக் கடைக்கு வந்தன. முதலாவது, 2019இல் அறிமுகமான ஜென் 2 அமைப்பில் நான்கு கோர்கள் கொண்டது. இரண்டாவது, 2020இல் வந்த ஜென் 3 அமைப்பில் ஆறு கோர்கள் கொண்டது. மூன்றாவது, 2022இல் வந்த ஜென் 4 அமைப்பில் ஆறு கோர்கள் கொண்டது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் எண்ணில் உள்ள வேறுபாடு இருபது. உள்ளே உள்ள வேறுபாடு இரண்டு தலைமுறை. மூன்றுக்கும் கணினியின் மேல் ஒட்டப்படும் வில்லையில் இருப்பதோ ‘ரைசன் 5’ என்பது மட்டுமே.

எண் முறையின் திறவுகோலை அந்நிறுவனம் மறைக்கவில்லை, அட்டவணையாகவே வெளியிட்டது. ஆயினும் வாங்குவோர் அட்டவணையைத் தேடிப் பிடித்துப் பொருத்திப் பார்த்தால்தான் பொருள் விளங்கும் என்றால், அப்பெயர் தன் கடமையைச் செய்யவில்லை. 2024இல் வெளிவந்த ‘ரைசன் ஏ.ஐ. 300’ வரிசையில் ஏ.எம்.டி. அம்முறையைக் கைவிட்டு வேறொன்றுக்கு மாறியது. அதற்குள் அந்த எண்களை நம்பி வாங்கியவர்கள் வாங்கி முடித்திருந்தார்கள்.

போட்டி நிறுவனமான இன்டெல் இதில் மேம்பட்டு நடந்ததா என்றால், இல்லை. 2023 டிசம்பரில் ஏ.எம்.டி.யின் எண் முறை மக்களை ஏமாற்றுவது என்று கடுமையாகச் சாடும் விளக்கப் படங்களை இன்டெல் வெளியிட்டது. எதிர்ப்பு எழுந்ததும் விலக்கிக்கொண்டது. அடுத்த மாதமே அது வெளியிட்ட ‘கோர் 7 150யூ’ என்னும் செயலி, புதிய எண்ணைச் சூடிய முந்தைய தலைமுறை அமைப்பே. புதிய தலைமுறை அமைப்பைக் கொண்டவையோ ‘கோர் அல்ட்ரா 7 155யூ’, ‘கோர் அல்ட்ரா 7 155எச்’ என்னும் பெயர்களில் அதே காலத்தில் விற்பனைக்கு வந்தன. முதலாவதில் பத்து கோர்கள், இரண்டாவதில் பன்னிரண்டு, மூன்றாவதில் பதினாறு. பதினைந்து ஆண்டுகளாக மக்கள் மனத்தில் பதிந்திருந்த ‘ஐ3, ஐ5, ஐ7’ என்னும் பெயர்களை 2023இல் நீக்கியபோது, தெளிவு பிறக்கும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ‘அல்ட்ரா’ என்ற ஒரு சொல் இடம்பெறுகிறதா, கடைசி எழுத்து எது என்று உற்றுப் பார்க்கும் சுமை வாங்குவோர் தலையில் ஏறியதுதான் மிச்சம்.

செயலியில் உள்ள குழப்பமாவது எண்ணை முழுமையாகப் படித்தால் தீரும். வரைகலைச் செயலியிலோ, பேச்சு வழக்கில் கிராபிக்ஸ் கார்டு எனப்படுவதிலோ, முழுப் பெயரைப் படித்தும் உண்மை தெரியாது. என்விடியா நிறுவனத்தின் ‘ஆர்.டி.எக்ஸ். 4060’ மடிக்கணினி வகையைக் கணினி நிறுவனங்கள் 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த மின்திறனிலும் இயங்குமாறு அமைத்துக்கொள்ளலாம். மின்திறன் குறைந்தால் வேகமும் குறையும். ஆக, ஒரே பெயரைத் தாங்கிய இரு கணினிகளில் ஒன்று மற்றொன்றைவிடத் தெளிவாகவே பின்தங்கியிருக்கும். ஒட்டியுள்ள வில்லையில் இரண்டும் ஒன்றே. குறைந்த மின்திறனில் இயங்குபவற்றை அடையாளம் காட்ட முன்பு ‘மேக்ஸ்-க்யூ’ என்ற பின்னொட்டு பெயரிலேயே இருந்தது. 2021இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 30 வரிசையில் அந்த அடையாளமும் மறைந்தது. கண்டனங்கள் எழுந்தபின், மின்திறனையும் வேகத்தையும் இணையப் பக்கங்களில் குறிப்பிடுமாறு கணினி நிறுவனங்களிடம் என்விடியா கூறியது. கடையில் நின்று வாங்குபவரின் கண்முன்னே இருக்கும் பெட்டிக்கு அந்தக் கூற்று இன்றளவும் முழுமையாக வந்து சேரவில்லை.

மேசைக்கணினிக்கும் மடிக்கணினிக்கும் ஒரே எண்ணைச் சூட்டும் வழக்கமும் இத்தகையதே. மேசைக்கணினிக்குரிய ‘ஆர்.டி.எக்ஸ். 4090’ 16,384 கணிப்பு அலகுகளும் 24 ஜி.பி. நினைவகமும் கொண்டது. மடிக்கணினிக்குரிய ‘ஆர்.டி.எக்ஸ். 4090’ 9,728 அலகுகளும் 16 ஜி.பி. நினைவகமும் கொண்டது. மேசைக்கணினிக்குரிய ‘ஆர்.டி.எக்ஸ். 4080’ கொண்டிருக்கும் அளவே அது. மடிக்கணினியின் சிறிய உடலுக்குள் அவ்வளவு வெப்பத்தை அடக்க இயலாது என்பது இயற்பியல். அதில் எவர்க்கும் குறை இல்லை. இயலாத ஒன்றின் பெயரை இயன்ற ஒன்றுக்குச் சூட்டி விற்பது இயற்பியல் அன்று; அது வாணிகத் தந்திரம். இதே நிறுவனம் 2022 செப்டம்பரில் ‘ஆர்.டி.எக்ஸ். 4080’ என்ற ஒரே எண்ணில், நினைவகத்தின் அளவில் மட்டுமன்றிக் கணிப்பு அலகுகளின் எண்ணிக்கையிலும் வேறுபட்ட இரண்டு அட்டைகளை அறிவித்தது. உலகெங்கும் எதிர்ப்பு எழவே, பெயர் சரியாக அமையவில்லை என்று ஒப்புக்கொண்டு அவற்றுள் ஒன்றை விலக்கிக்கொண்டது. மக்கள் குரலுக்கு வலிமை உண்டு என்பதை அது காட்டியது. ஒவ்வொரு முறையும் மக்கள் குரல் எழுப்பித்தான் நேர்மையைப் பெற வேண்டுமா என்பதே நம் கேள்வி.

உதிரி உறுப்புகளின் பெயர் இவ்வாறிருக்க, கணினியின் பெயரோ அதனினும் மங்கலானது. ‘ஐடியாபேட் ஸ்லிம் 3’ என்ற பெயரில் லெனோவோ விற்கும் கணினிகளுள் ‘15ஏ.எம்.என்.8’, ‘15ஏ.பி.ஆர்.8’, ‘15ஐ.ஏ.என்.8’ எனப் பல உட்பிரிவுகள் உள்ளன. ஒன்றில் ஜென் 2 அமைப்புச் செயலி. ஒன்றில் ஜென் 3. இன்னொன்றில் இன்டெல்லின் சிக்கன வகைச் செயலி. முன்னணி நிறுவனங்கள் பலவற்றின் வழக்கமும் இதுவே. விளம்பரத்தில் குடும்பப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். தன்மையைக் காட்டும் உட்பிரிவு எண் பெட்டியின் பக்கவாட்டில் பட்டைக்கோடுகளுக்கு நடுவே இருக்கும். போதாக்குறைக்கு, ஒரே கணினிக்குக் கடைக்கு ஓர் எண், இணைய அங்காடிக்கு வேறோர் எண் என்று கொடுப்பதும் உண்டு. ஓரிடத்து விலையை இன்னோரிடத்து விலையோடு ஒப்பிடும் வழி இதனால் அடைபடுகிறது. ஒப்பிட முடியாத இடத்தில் போட்டி இல்லை. போட்டி இல்லாத இடத்தில் நியாய விலையும் இல்லை.

சொல்லாமல் விடப்படுவனவற்றின் பட்டியல் நீளமானது. திரையைப் பற்றி அதன் அளவையும் புள்ளி எண்ணிக்கையையும் சொல்வார்கள்; ஒளிர்வையும் நிறப்பரப்பையும் சொல்ல மாட்டார்கள். மலிவான திரைகள் பலவற்றின் நிறப்பரப்பு என்.டி.எஸ்.சி. அளவையில் 45 விழுக்காடு. பொதுவாக எதிர்பார்க்கப்படும் எஸ்.ஆர்.ஜி.பி. நிறப்பரப்பு அந்த அளவையில் ஏறத்தாழ 72 விழுக்காடு. சிவகாசியில் அச்சு வடிவமைப்புச் செய்யும் இளைஞர் ஒருவர் இத்தகைய திரையை நம்பி நிறத்தைத் தேர்ந்தால், தாளில் வருவது வேறாக இருக்கும்; இழப்பு அவருடையது. நினைவகம் எத்தனை ஜி.பி. என்று சொல்வார்கள், அது பலகையிலேயே பற்றவைக்கப்பட்டதா, பின்னாளில் கூட்ட இடம் உண்டா என்பதைச் சொல்ல மாட்டார்கள். நான்காண்டுப் படிப்புக்கு வாங்கும் மாணவர்க்கு இதைவிட முதன்மையான செய்தி வேறில்லை. சேமிப்பகத்தின் அளவைச் சொல்வார்கள். அதன் வேகத்தைச் சொல்ல மாட்டார்கள். 2022இல் ஆப்பிள் நிறுவனத்தின் எம்2 மேக்புக் ஏர் கணினியின் 256 ஜி.பி. வகையில், முந்தைய எம்1 வகையில் இருந்த இரண்டு சேமிப்புச் சில்லுகளுக்குப் பதிலாக ஒன்றே இருந்தது. புதிய கணினியில் படிக்கும் வேகம் பழையதைவிடக் குறைந்திருந்ததைச் சோதித்தவர்கள் கண்டுபிடித்தார்கள். விற்பனைப் பக்கம் சொல்லவில்லை.

கம்பி செருகும் துளையிலும் இதே நிலை. யூ.எஸ்.பி. ‘டைப்-சி’ என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதற்குள் நொடிக்கு 480 மெகாபிட் வேகமும் இருக்கலாம், 40 ஜிகாபிட் வேகமும் இருக்கலாம்; திரையை இணைக்க இயலலாம், இயலாமலும் போகலாம். 2008இல் ‘யூ.எஸ்.பி. 3.0’ எனப்பட்ட 5 ஜிகாபிட் வேகமே பின்னர் ‘3.1 ஜென் 1’ என்றும், அதன்பின் ‘3.2 ஜென் 1’ என்றும் பெயர் மாறியது, வேகம் மாறவில்லை. 2022இல் அத்தரத்தை வகுக்கும் அமைப்பே இப்பெயர்களை விடுத்து, வேகத்தின் எண்ணையே பெட்டியில் பொறிக்குமாறு பரிந்துரைத்தது. நேர்மையாகப் பெயரிட முடியும் என்பதற்கு இதுவே சான்று. பரிந்துரை கட்டளையாகாது என்பதால், பழைய பெயர்கள் இன்றும் விளம்பரங்களில் உலவுகின்றன.

நிறுவனங்கள் தம் பக்கத்து நியாயங்களாகச் சிலவற்றைச் சொல்லும். பல தேவைகளுக்குப் பல வகைகள் வேண்டும் என்பது ஒன்று. வகைகள் இருக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் தெளிவான விவரமும் இருக்கட்டும் என்பதே நாம் கேட்பது. விவரம் எல்லாம் இணையத்தில் கிடைக்கிறது என்பது மற்றொன்று. தேடத் தெரிந்தவர்க்கே கிடைப்பது அறிவிப்பு ஆகாது. மேலும், ஆய்வாளர்கள் சோதித்துப் பாராட்டும் கணினியின் அமைப்பும் கடையில் நமக்குக் கிடைக்கும் கணினியின் அமைப்பும் ஒரே பெயரில் வேறுபட்டிருக்கும்போது, மதிப்புரையைப் படித்து வாங்கியவரும் தப்ப முடியாது. பொதுமக்களுக்கு இவ்வளவு நுட்பம் புரியாது என்பது மூன்றாவது. மாதத் தவணையைக் கணக்கிடத் தெரிந்த மக்களுக்கு வாட் கணக்கும் புரியும். சொல்லிப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வரட்டும்.

அரசு வாங்குபவராக நிற்கும்போது இந்த மங்கலை ஏற்பதில்லை என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது, எல்காட் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கோரியே கணினிகளைக் கொள்முதல் செய்தது. செயலி, நினைவகம், சேமிப்பகம், திரை, உத்தரவாதம் என ஒவ்வொன்றுக்கும் தேவையான தரம் அத்தகைய ஆவணங்களில் வரையறுக்கப்படுகிறது. வெறும் வணிகப் பெயரைச் சொல்லி எந்த நிறுவனமும் அரசுக்குக் கணினி விற்க முடியாது. அரசுக்குச் சொல்லக்கூடிய விவரத்தைத் தனி மனிதர்க்குச் சொல்ல இயலாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பேரம் பேசும் வலிமை உடையவனுக்கு உண்மை, வலிமை இல்லாதவனுக்கு விளம்பரம் என்ற நிலையை மக்களாட்சி ஏற்கலாகாது.

அளவையை வரையறுப்பது அரசின் தொன்மையான கடமை. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லின் அளவைச் சொல்லும்போது, ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளந்தது என்று அளவையின் பெயரையும் சேர்த்தே பொறித்துள்ளன. எந்த மரக்கால் என்று சொல்லாமல் மரக்கால் கணக்குச் சொல்வதில் பொருள் இல்லை என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் ஆட்சிமுறை அறிந்திருந்தது. எந்த மின்திறனில், எந்தத் தலைமுறையில் என்று சொல்லாமல் செயலியின் பெயரை மட்டும் சொல்வது அதே குறைபாடுதான்.

பிற நாடுகளும் இந்நெறியைப் பின்பற்றியே சந்தைகளைச் சீர் செய்தன. ஒலிபெருக்கிக் கருவிகளின் வாட் திறனை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் மிகைத்துச் சொன்னபோது, அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1974இல் அதனை அளக்கும் முறையை விதியாக்கியது. பிரான்சு நாடு 2021 சனவரி முதல், மடிக்கணினி உள்ளிட்ட பொருள்களுக்குப் பழுதுநீக்கும் எளிமையைப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணிட்டு, விலையின் அருகே காட்டுவதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்சிக்கன முத்திரையில் ஒரு படிப்பினையும் உண்டு. ‘ஏ’ என்ற உச்ச வகுப்புக்கு மேல் ‘ஏ+’, ‘ஏ++’, ‘ஏ+++’ என்று வகுப்புகள் பெருகி முத்திரையே பொருளிழந்தது. 2021 மார்ச்சில் அவற்றை நீக்கி மீண்டும் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரை என்று சீர்செய்தார்கள். விதியை இயற்றினால் மட்டும் போதாது. காலந்தோறும் அதனைக் காக்கவும் வேண்டும்.

இந்தியாவில் புதிதாக ஒரு கட்டடத்தை எழுப்ப வேண்டியதில்லை, அடித்தளம் இருக்கிறது. பொருளின் தரம், அளவு, விலை ஆகியவற்றை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு அளிக்கிறது. இன்றியமையாத செய்தியை வேண்டுமென்றே மறைக்கும் விளம்பரத்தை அச்சட்டம் தவறான விளம்பரம் என்றே வரையறுக்கிறது. அதன்கீழ் 2020இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிடும் அதிகாரம் உண்டு. சட்டமுறை எடையளவு விதிகளின் வலிமையை ஒவ்வொரு மடிக்கணினி விளம்பரத்திலும் காணலாம்: உலகமெங்கும் அங்குலத்தில் சொல்லப்படும் திரையின் அளவு இங்கே ‘39.6 செ.மீ.’ என்று அச்சாகிறது. 2012இல் ஆணையிடப்பட்டுத் தொடங்கிய கட்டாயப் பதிவு முறையின்படி, மடிக்கணினிகள் இந்தியத் தர அமைவனத்தில் பதிவான பின்னரே இங்கு விற்கப்படுகின்றன. அப்பதிவு இன்று மின் பாதுகாப்பை மட்டும் பார்க்கிறது. செல்லும் வழி அமைந்திருக்கிறது. அதில் செலுத்த வேண்டிய சரக்கு மட்டுமே குறைகிறது.

ஆகவே மத்திய அரசின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் நான்கு. முதலாவது, ஒவ்வொரு மடிக்கணினிப் பெட்டியிலும், கடை அடுக்கிலும், இணைய அங்காடிப் பக்கத்திலும் ஒரே வடிவிலான விவரப் பட்டியல் கட்டாயமாக வேண்டும். செயலியின் முழுப் பெயர், அதன் உள்ளமைப்பு முதன்முதலில் வெளிவந்த ஆண்டு, வரைகலைச் செயலி இயங்கும் மின்திறன், நினைவகத்தைக் கூட்டும் வாய்ப்பு, சேமிப்பகத்தின் வகையும் வேகமும், திரையின் ஒளிர்வும் நிறப்பரப்பும், மின்கலத்தின் கொள்ளளவு, ஒவ்வொரு துளையின் வேகம் ஆகியவை அதில் அமைய வேண்டும். இரண்டாவது, உள்ளுறுப்பு மாறினால் கணினியின் எண்ணும் மாற வேண்டும்; உறுப்புகள் மாறாதபோது விற்கும் இடத்தைப் பொறுத்து எண்ணை மாற்றுவதைத் தடுக்க வேண்டும். மூன்றாவது, இவ்விவரங்கள் தர அமைவனத்தின் பதிவோடு இணைக்கப்பட்டு, எவரும் எண்ணைத் தட்டிப் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடாக விளங்க வேண்டும். நான்காவது, விற்பனை நடக்கும் மாநிலத்தின் மொழியிலும் அவை கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டில் தமிழில் கிடைக்க வேண்டும்.

நிறுவனங்களும் இதனைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. நல்ல கணினியை நேர்மையாகச் செய்யும் நிறுவனம், பழைய சில்லுக்குப் புதிய எண்ணைச் சூட்டி விலை குறைக்கும் நிறுவனத்தோடு போட்டியிட முடியாமல் இன்று பின்தங்குகிறது. விவரம் வெளிப்படையானால் முதற்பயன் அதற்கே. பழைய அமைப்பைக் கொண்ட செயலியும் தன்னளவில் குற்றமுடையதன்று. குறைந்த விலைக்கு, எளிய வேலைக்கு அதுவே போதுமானவர்கள் பலர் உண்டு. பழையது என்று அறிந்து அவர்கள் அதனை விரும்பி வாங்கட்டும். அறிந்து தேர்வதற்கும் ஏமாந்து பெறுவதற்கும் இடையே உள்ள வேறுபாடே நுகர்வோர் உரிமையின் உயிர்.

கணினி இன்று ஆடம்பரப் பொருள் அன்று. கல்விக்கும் பிழைப்புக்கும் அது கருவி. பல வீடுகளில் கடன் வாங்கிப் பெறும் கருவி. அக்கருவியை விற்பவர், தாம் விற்பது இன்னது என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லும் கடமை உடையவர். அவர் தாமாகச் சொல்லவில்லை என்றால், சொல்லவைக்கும் கடமை அரசுடையது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனக்குள்ள அதிகாரத்தைப் பயன்படுத்தி, அடுத்த கல்வியாண்டின் சேர்க்கைக் காலத்துக்கு முன்பே இந்நெறிகளை வெளியிட வேண்டும்.